அடுத்தவங்க அவிசுவாசம் நம்ம ஆசீர்வாதத்த தடுக்குமா?

கடலூர், பாண்டி பக்கம் வீட்டு ஜெபம், உபவாச ஜெபம்னு போய் வர்றவங்களுக்கு இது பழக்கமான பேச்சுதான். யாராவது ஒரு அம்மா ஜெபக்குறிப்பு சொல்வாங்க, பொண்ணுக்கு கல்யாணமாகி இத்தன நாளாச்சு இன்னும் கொழந்த இல்ல, இல்லன்னா பையனுக்கு வேலை அமையல, இல்லன்னா ஜெபிக்க உக்காந்தாலே மனசு வறண்டு கெடக்குது, பழைய சந்தோஷம் இல்லன்னு. உடனே ஒருத்தர் கேப்பாரு, "வீட்ல எல்லாரும் ரட்சிக்கப்பட்டவங்களா?" இல்லைங்க, வீட்டுக்காரர் சபைக்கு வர்றதில்ல, மாமியார் சாமி கும்பிடுறாங்கன்னு சொன்னா போதும், தீர்ப்பு வந்துடும். "அதான் தடை சிஸ்டர். அவங்க அவிசுவாசம்தான் உங்க ஆசீர்வாதத்த கட்டி வெச்சிருக்கு."

சொல்றவங்க கெட்ட எண்ணத்துல சொல்றதில்ல, அவங்க கையில வசனமும் இருக்கு. ஆனா அத கேட்டுட்டு வீட்டுக்கு போற அந்த அம்மா புருஷன பாக்குற பார்வையே மாறிடுது. நேத்து வரைக்கும் அவருக்காக அழுது ஜெபிச்சவங்க இன்னிக்கு "இவராலதான் எனக்கு எல்லாம் தள்ளிப் போகுது"ன்னு நெனைக்க ஆரம்பிச்சிடுறாங்க. நம்ம ஊர்ல முழு குடும்பமும் சபைக்கு வர்ற வீடு எவ்ளோ இருக்கோ அதே மாதிரி மருமக மட்டும் வர்ற வீடு, அம்மா மட்டும் வர்ற வீடு, காலேஜ் படிக்கற பையன் மட்டும் வர்ற வீடும் இருக்கு. மாசி மகத்துக்கு வீடே கெளம்பி தேவனாம்பட்டினம் பீச்சுக்கு தீர்த்தவாரி பாக்க போகும், அந்தப் பக்கம் பாண்டியில வைத்திக்குப்பத்துக்கு போகும், இவங்க ஒருத்தர் மட்டும் வீட்ல இருப்பாங்க. அந்த மாதிரி வீட்ல இருக்கறவங்ககிட்ட போய் உன் வீட்டாரால உனக்கு ஆசீர்வாதம் வராதுன்னு சொன்னா அது சும்மா ஒரு ஆலோசனையா நிக்காது, குடும்பத்துக்குள்ள விரிசல் விடும். அதனால இத வேதத்த வெச்சு நிதானமா பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு பாரம்.

அடுத்தவங்க அவிசுவாசம் நம்மள பாதிக்குமா? பாதிக்கும், அத நான் மறுக்கல. ஆனா அது எந்த வழியா உள்ள வருதுங்கறதுலதான் நெறைய பேர் தப்பான வாசல்ல காவல் நிக்கறாங்க. நான் வாசிச்ச வரைக்கும் அது தேவனோட கைய கட்டுறதில்ல. நம்ம காது வழியா பூந்து நம்ம கால கட்டுது, சில சமயம் நம்ம வாய கெடுக்குது.

எல்லாரும் எடுக்கற வசனம் மாற்கு 6ஆம் அதிகாரம். இயேசு தான் வளர்ந்த நாசரேத்துக்கு வர்றாரு, ஓய்வுநாள்ல ஜெப ஆலயத்துல உபதேசம் பண்றாரு. கேட்டவங்க அசந்து போறாங்க, இவனுக்கு இந்த ஞானம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கறாங்க, அப்புறம் அதே வாயால "இவன் தச்சன்தானே, மரியாளோட குமாரன்தானே, யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் இவங்களுக்கு சகோதரன்தானே"ன்னு சொல்லி இடறல் அடையறாங்க. அங்க சில நோயாளிகள் மேல கைய வெச்சு குணமாக்கினத தவிர வேற அற்புதம் ஒண்ணும் செய்ய முடியாம போச்சு, அவங்க அவிசுவாசத்த பாத்து அவரே ஆச்சரியப்பட்டாருன்னு மாற்கு எழுதறாரு. மத்தேயு 13ல இதே சம்பவம் வருது, அவங்க அவிசுவாசத்தினால அங்க அநேக அற்புதங்கள செய்யலன்னு. இத வெச்சுதான் "பாத்தீங்களா, இயேசு நேர்ல நின்ன ஊர்லயே நடக்கல, அவிசுவாசம் இருக்கற உங்க வீட்ல எப்படி நடக்கும்"னு கேக்கறாங்க.

ஆனா அந்த வசனத்துல சில நோயாளிகள் குணமானாங்கன்னு இருக்கே, அத ஏன் யாரும் நின்னு வாசிக்க மாட்டேங்கறாங்க? ஊரே அவர அலட்சியம் பண்ணின அந்த ஊர்லதான் அவங்களும் குடியிருந்தாங்க. அக்கம்பக்கத்துல அதே பேச்சுதான் ஓடியிருக்கும், ஒருவேளை அவங்க வீட்டுக்குள்ளயே ஓடியிருக்கும். அப்படியிருந்தும் அவர்கிட்ட வந்தாங்க, கை வெச்சாரு, சொகமாச்சு. மத்தவங்களோட அவிசுவாசம் நமக்கு வர்றத தடுக்கும்னா மொதல்ல தடுத்திருக்க வேண்டியது இவங்களைத்தானே. அப்புறம் மாற்கு 1ஆம் அதிகாரத்துல கப்பர்நகூம பாருங்க, பொழுது சாஞ்சதும் ஊரே நோயாளிங்கள தூக்கிட்டு வந்து வாசல்ல கூடிடுச்சு, பல பேர் சொகமானாங்க. நாசரேத்துல அந்த மாதிரி யாரும் தூக்கிட்டு வந்ததா இல்ல. லூக்கா 4ல அவர ஊருக்கு வெளிய தள்ளிட்டு போய் மலை மேலேர்ந்து உருட்டி விட பாத்தாங்கன்னு இருக்கு, அந்த நெலமையில எந்த வீட்டுக்காரன் தன் வீட்டு நோயாளிய வெளிய கூட்டிட்டு வருவான், தெருவுல நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு கதவ சாத்திட்டு உள்ளயே இருந்திருப்பாங்க. நாசரேத்து அவிசுவாசம் செஞ்ச வேலை இதான்னு நான் நெனைக்கறேன், வரவேண்டியவங்கள வரவிடாம பண்ணிச்சு, வந்தவங்கள ஒண்ணும் பண்ண முடியல.

இதுக்கு எதிரா ஒரு நியாயமான கேள்வி கேக்கலாம். மாற்கு 2ல திமிர்வாதக்காரன நாலு பேர் தூக்கிட்டு வந்து கூரைய பிரிச்சு எறக்கறாங்க, "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" இயேசு அவன்கிட்ட பேசறாரு. அடுத்தவங்க விசுவாசம் ஒருத்தனுக்கு ஒதவுது இல்லையா, அப்ப அடுத்தவங்க அவிசுவாசம் கெடுதல் பண்ணாதான்னு. நல்ல கேள்விதான். பதில் அந்த வீட்டுக்குள்ளயே இருக்கு. கூரைய பிரிச்சவங்க மேல இருக்காங்க, கீழ அதே ரூம்ல வேதபாரகர் சில பேர் உக்காந்துட்டு "இவன் தேவதூஷணம் சொல்றான்"னு மனசுக்குள்ள யோசிச்சிட்டு இருக்காங்க. விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே கூரைக்கு கீழ. அந்த மனுஷன் படுக்கைய எடுத்துக்கிட்டு எல்லாருக்கும் முன்னால, அந்த வேதபாரகருக்கும் முன்னால, நடந்து போனான். விசுவாசத்துக்கும் அவிசுவாசத்துக்கும் ஒரே அளவு பெலன்னு நாமளா கணக்கு போட்டுக்கறோம், வேதம் அப்படி கணக்கு போடல. ரோமர் 3:3ல பவுல் நேரா கேக்கறாரு, சிலர் விசுவாசிக்காம போனா என்ன, அவங்க அவிசுவாசம் தேவனோட உண்மைய அவமாக்கிடுமான்னு, அடுத்த வசனத்துலயே அப்படி ஆக்காதுன்னு அவரே சொல்லிடறாரு.

இன்னொண்ணு, மாற்கு 9. மலைக்கு கீழ ஒரு அப்பா தன் பையன கூட்டிட்டு வந்து சீஷர்கள்கிட்ட விட்டிருக்காரு, அவங்களால பிசாச தொரத்த முடியல. அந்த அப்பாவுக்கு பெரிய விசுவாசம் ஒண்ணும் இல்ல, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவி செய்யும்"னு அழறாரு. பையன் சொகமாயிடறான். அப்புறம் சீஷர்கள் தனியா வந்து எங்களால ஏன் முடியலன்னு கேக்கும்போது மத்தேயு 17:20ல இயேசு என்ன சொன்னாரு? உங்க அவிசுவாசத்தினாலதான்னு சொன்னாரு. பையன சொல்லல, அப்பாவ சொல்லல, வீட்ல இருக்கற மத்தவங்கள பத்தி விசாரிக்கவே இல்ல, ஜெபிக்க போனவங்களதான் சொன்னாரு. இன்னிக்கு ஜெபிச்சும் நடக்கலன்னா குத்தம் எப்பவும் ஜெபிக்க வந்த வீட்டு மேலதான் விழுது, ஜெபிச்சவங்க மேல விழறதே இல்ல. ஊழியத்துல இருக்கறவங்க தயவுசெஞ்சு இந்த அதிகாரத்த ஒரு தடவ முழங்கால்ல நின்னு வாசிக்கணும்.

சரி, அப்ப பாதிப்பே இல்லையான்னா, இருக்கு. நல்லாவே இருக்கு. அத பாக்கணும்னா எகிப்துலேர்ந்து வெளிய வந்த இஸ்ரவேல் ஜனங்க கானானுக்குள்ள போறதுக்கு முன்னாடி தங்கின காதேஸ் பர்னேயாவுக்கு போகணும்.

ஓரேப் மலையிலேர்ந்து அங்க வர்றதுக்கு 11 நாள் நடைன்னு உபாகமம் 1:2 சொல்லுது. கானான் வாசல் வரைக்கும் வந்துட்டாங்க. கோத்திரத்துக்கு ஒருத்தரா 12 பேர் உள்ள போய் 40 நாள் சுத்தி பாத்துட்டு எஸ்கோல்லேர்ந்து ஒரு திராட்சை குலைய ரெண்டு பேர் தடியில கட்டி தூக்கிட்டு வர்றாங்க, கூட மாதுளை, அத்திப்பழம். 10 பேர் முடியாதுன்னாங்க. "நாங்கள் எங்கள் பார்வைக்கு வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம்"னு சொன்னது அவங்கதான். அன்னிக்கு ராத்திரி பூரா ஜனங்க அழுதாங்க, எகிப்துக்கே திரும்பிடலாம், ஒரு தலைவன ஏற்படுத்துவோம்னு பேசினாங்க, முடியும்னு சொன்ன மத்த ரெண்டு பேர், யோசுவாவையும் காலேபையும் கல்லெறியணும்னாங்க. அந்த 10 பேர் யாரு? அந்நியர் இல்ல, எகிப்தியர் இல்ல, கோத்திர தலைவருங்க. காலேப் பின்னாடி யோசுவா 14:8ல சொல்லும்போது "என்னோடு வந்த என் சகோதரர்" ஜனங்களோட இருதயத்த கரையப் பண்ணிட்டாங்கன்னுதான் சொல்றாரு.

இப்ப காலேப யோசிச்சு பாருங்க. அவருக்கு அப்ப வயசு 40. அவர் முழுசா நம்பினாரு, "நாம் உடனே போய் அதைச் சுதந்தரித்துக்கொள்வோம்"னு ஜனங்கள அமத்தி சொன்னாரு, தேவனே அவர்கிட்ட வேற ஆவி இருக்குன்னு சாட்சி குடுத்தாரு. இருந்தும் கர்த்தர் காலேபுக்கு மட்டும் தனியா ஒரு வழி தெறந்து பின்னாடி அவருக்கு சுதந்தரமா கெடைச்ச எபிரோனுக்கு நேரா கூட்டிட்டு போகல. நம்பாதவங்க கூடவே அவரும் வனாந்தரத்துல நடந்தாரு, அதே மன்னாவ தின்னாரு, தன் வயசு ஆளுங்க ஒவ்வொருத்தரா செத்து விழறத பாத்துக்கிட்டே நடந்தாரு. காதேஸை விட்டதுலேர்ந்து சேரேத் ஆத்த கடக்கற வரைக்கும் 38 வருஷம்னு உபாகமம் 2:14 கணக்கு சொல்லுது. எபிரோன கேட்டு யோசுவா முன்னால நிக்கும்போது அவருக்கு 85 வயசு. அடுத்தவங்க அவிசுவாசத்தால ஒரு விசுவாசிக்கு 45 வருஷம் தாமதம் ஆச்சு, இத யாரும் லேசா சொல்லிட்டு போக முடியாது. ஆனா தாமதம் வேற, இழப்பு வேற. மோசே அனுப்பின நாள்ல இருந்த பெலன் இன்னிக்கும் எனக்கு இருக்குன்னு அவர் சொல்றாரு, சுலபமான சமவெளிய கேக்கல, ஏனாக்கியர்ங்கற ராட்சத ஆளுங்க இருக்கற அந்த மலைநாட்டையே கேக்கறாரு. எண்ணாகமம் 13ல வேவு பாக்க போனப்ப எபிரோன்ல இருந்ததா சொன்ன அகீமான், சேசாய், தல்மாய்ங்கற அதே மூணு பேருங்க யோசுவா 15ல திரும்ப வருது, காலேப் தொரத்தினவங்க லிஸ்ட்ல.

கூட்டமா ஒரே வழியில போகும்போது இது தவிர்க்க முடியாது. கடலூர் முதுநகர் துறைமுகத்துலேர்ந்து ஒரே போட்ல கடலுக்கு போறவங்களுக்கு நான் இத வெளக்க வேண்டியதில்ல, ஒருத்தர் எடுக்கற தப்பு முடிவுல எல்லாரும் சேந்துதான் அலையில மாட்டுவாங்க. பவுலுக்கும் இதான் நடந்துச்சு. அப்போஸ்தலர் 27ல கைதியா ரோமாபுரிக்கு கப்பல்ல கொண்டு போகும்போது, இப்ப போகாதீங்க, சேதம் வரும்னு அவர் சொன்னாரு, நூற்றுக்கதிபதி பவுல நம்பல, மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். 14 நாள் புயல்ல சூரியனும் தெரியல, நட்சத்திரமும் தெரியல. கப்பல் போச்சு, சரக்கு போச்சு, பவுலும் தண்ணியில நனைஞ்சுதான் கரை ஏறினாரு. ஆனா நீ ரோமாபுரிக்கு போவன்னு தேவன் அவருக்கு சொன்ன வாக்கு போகல, கப்பல்ல இருந்த 276 பேர் உயிரும் போகல. அந்த 276 பேர்ல பெரும்பாலானவங்க பவுலோட தேவன அறியாதவங்க. அவங்களால இவருக்கு வர்ற ஆசீர்வாதம் நிக்கல, இவரால அவங்க பொழைச்சாங்க.

காலேபுக்கு பக்கத்துலயே இன்னொருத்தர வெச்சு பாக்கணும், மோசேய. எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப பயம் குடுக்கற பகுதி இதான். அதே ஜனங்க, அதே முறுமுறுப்பு, அதே வனாந்தரம். மேரிபாவுல தண்ணியில்லன்னு ஜனங்க சண்டை போட்டப்ப கன்மலைய பாத்து பேசுன்னு கர்த்தர் சொன்னாரு, மோசே "கலகக்காரரே, கேளுங்கள்"னு கோவத்துல கத்திட்டு கோலால ரெண்டு தரம் அடிச்சாரு. தண்ணி வந்துச்சு, ஜனங்க குடிச்சாங்க, மிருகங்களும் குடிச்சுது, அவிசுவாசம் நெறஞ்ச அந்த கூட்டத்துக்கு ஒரு கொறையும் இல்ல. கானானுக்குள்ள போற பாக்கியம் போனது மோசேக்கு. சங்கீதம் 106 இத எப்படி சொல்லுதுன்னா, அவங்க நிமித்தம் மோசேக்கு பொல்லாப்பு வந்துச்சு, அவங்க அவன் ஆவிய விசனப்படுத்தினதால அவன் உதடுகளால பதறிப் பேசிட்டான். ஆனா எண்ணாகமம் 20:12ல கர்த்தர் மோசேகிட்டயும் ஆரோன்கிட்டயும் நீங்க என்னை விசுவாசிக்காம போனீங்கன்னு அவங்க பேர்லதான் கணக்கு வெக்கறாரு. ஜனங்களோட அவிசுவாசம் காரணமா இருந்துச்சு, ஆனா தடை விழுந்த எடம் மோசேயோட சொந்த வாய்.

நம்ம வீடுகள்ல நடக்கறது பெரும்பாலும் இதான். புருஷன் சபைக்கு வரலங்கறதால அந்த அம்மாவோட ஜெபத்த தேவன் கேக்காம இல்ல, ஞாயித்துக்கெழம காலைல "என் தலையெழுத்து, உங்கள கட்டிக்கிட்டு என் ஆசீர்வாதமே போச்சு"ன்னு அவர்கிட்ட சண்டை போட்டுட்டு அந்த கசப்போட ஆராதனையில வந்து நிக்கறாங்க பாருங்க, அங்கதான் மனசு வறண்டு போகுது. எபேசியர் 1:3ல தேவன் நம்மள கிறிஸ்துவுக்குள்ள ஆவிக்குரிய சகல ஆசீர்வாதத்தாலயும் ஆசீர்வதிச்சிருக்காருன்னு இருக்கு, ஏற்கனவே குடுத்தாச்சு. பாவமன்னிப்பு, தேவனோட பிள்ளைங்களா ஏத்துக்கற புத்திர சுவிகாரம், பரிசுத்த ஆவியாகிய முத்திரைன்னு அந்த அதிகாரமே வரிசையா சொல்லிட்டு போகுது. இதுல எதையும் மாமியார் பறிக்க முடியாது, நாத்தனார் பறிக்க முடியாது. அத அனுபவிக்கற சமாதானத்த மட்டும் நாம கோவத்துல கீழ போட்டுடலாம்.

திருப்பாதிரிப்புலியூர் பக்கம் எனக்கு தெரிஞ்ச ஒரு அக்கா இருக்காங்க. அவங்க வீட்டுக்காரர் கிறிஸ்தவர் கிடையாது, ஆகப்போறேன்னும் சொன்னதில்ல. ஆனா ஞாயித்துக்கெழமன்னா காலைல டிவிஎஸ் எக்ஸெல்ல தொடச்சு ரெடி பண்ணி அக்காவையும் ரெண்டு புள்ளைங்களையும் ஏத்திட்டு வந்து சபை வாசல்ல எறக்கி விடுவாரு, ஆராதனை முடியற வரைக்கும் எதிர்ல டீக்கடை பெஞ்சுல பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருப்பாரு, மழைன்னா கடை தாழ்வாரத்துல ஒண்டிக்கிட்டு நிப்பாரு. முடிஞ்சு வரும்போது அக்காவோட பைபிள் பைய வாங்கி முன்னாடி கொக்கியில மாட்டிக்குவாரு. உள்ள அதே நேரம் அக்காகிட்ட ஒருத்தர் சொல்லிட்டிருக்காரு, உன் புருஷனோட அவிசுவாசம்தான் உனக்கு தடைன்னு. அவர் கொண்டு வந்து விடலன்னா அந்த அக்கா சபைக்கே வந்திருக்க முடியாது, புள்ளைங்க சண்டே ஸ்கூல்ல வசனம் சொல்லியிருக்காது. அந்தக் கொக்கியில தொங்கற பைய ஒரு தடவ பாத்திருந்தாங்கன்னா இப்படி சொல்ல மனசு வந்திருக்காது. 1 கொரிந்தியர் 7:14ல பவுல், அவிசுவாசியான புருஷன் தன் மனைவியால பரிசுத்தமாக்கப்படறான்னுதான் எழுதறாரு, புருஷனால மனைவி தீட்டாயிடறான்னு எழுதல. அந்த வசனத்துல பாய்ச்சல் விசுவாசத்துலேர்ந்து அவிசுவாசத்த பாத்து போகுது. பேதுருவும் தன் மொத நிருபம் 3ஆம் அதிகாரத்துல இந்த மாதிரி மனைவிகளுக்கு போதனை இல்லாமலே நடக்கையால ஆதாயப்படுத்துங்கன்னுதான் சொல்றாரு.

அந்நிய நுகத்துல பிணைக்கப்படாதீங்கன்னு 2 கொரிந்தியர் 6:14 இருக்கேன்னு கேப்பாங்க. ஆமா, இனிமே கல்யாணம் பண்ணப் போறவங்களும், பார்ட்னர்ஷிப் போடப் போறவங்களும் அத தெளிவா மனசுல வெச்சுக்கணும், அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. ஏற்கனவே கட்டின வாழ்க்கைய விட்டு வரச் சொல்ற வசனம் அது இல்ல.

இன்னொரு ஆபத்தும் இதுல இருக்கு. எது அவிசுவாசம்னு தெரியாம எல்லாத்தையும் அந்த லிஸ்ட்ல சேத்துடறாங்க. கடலூர்லேர்ந்து பெரிய வியாதின்னா பாதி பேர் பாண்டி ஜிப்மருக்குதான் போறோம். அங்க டாக்டர் ஸ்கேன் பாத்துட்டு இருக்கறத சொல்றாரு, மாத்திரைய நிறுத்தாதீங்கங்கறாரு. அத வீட்ல வந்து சொன்னா "அவிசுவாச வார்த்தைய காதுல வாங்காதீங்க"ன்னு சொல்றவங்க இருக்காங்க. திரும்ப அந்த 12 பேர் கிட்டயே போங்க. பட்டணங்க அரணா இருக்கு, ஜனங்க பலசாலிங்கன்னு 10 பேர் குடுத்த விவரத்த காலேப் பொய்னு ஒரு வார்த்தை சொல்லல, அவரும் அதே கண்ணால அதே ஏனாக்கியர பாத்துட்டு வந்தவருதான். அவர் மறுத்தது அதுலேர்ந்து அவங்க எடுத்த முடிவ. ஸ்கேன் ரிப்போர்ட் விவரம். "இனிமே ஜெபிச்சு என்ன பிரயோஜனம்"ங்கறது முடிவு. முதல்ல சொன்னத கேளுங்க, மருந்த ஒழுங்கா சாப்பிடுங்க, ரெண்டாவது சொல்றவங்கள கிட்ட சேக்காதீங்க, அந்த ரெண்டாவது பேச்சு டாக்டர் வாயிலேர்ந்து வர்றதவிட கூட ஜெபிக்கறவங்க வாயிலேர்ந்துதான் அதிகமா வருது.

இதான் என் மனசுல ரொம்ப நாளா உறுத்தறது. வேதத்துல தேவ ஜனங்களுக்கு பெரிய தடை பண்ணின அவிசுவாசம் எல்லாம் உள்ளேர்ந்து வந்திருக்கு. நாசரேத்துல இருந்தவங்க ஓய்வுநாள் தவறாம ஜெப ஆலயத்துக்கு போறவங்க. காதேஸ்ல கெடுத்தவங்க கோத்திர தலைவருங்க. நம்ம மண்ணுலயும் அப்படித்தான். சிதம்பரம், சீர்காழி தாண்டி போனா தரங்கம்பாடி, 1706 ஜூலையில சீகன்பால்க்ங்கற மிஷனரி அங்க வந்து எறங்கினாரு, தமிழ்ல பேச கத்துக்கிட்டு சுவிசேஷம் சொன்னாரு. அவர 1708ல புடிச்சு நாலு மாசம் டேனிஷ் கோட்டையில அடைச்சு வெச்சது யாரு? உள்ளூர் இந்துக்கள் இல்ல, கோட்டை தளபதி ஹாசியுஸ், அவரும் ஞானஸ்நானம் எடுத்த கிறிஸ்தவர்தான், சீகன்பால்க அனுப்பி வெச்ச அதே டென்மார்க்கோட கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி. அங்கயும் தாமதம்தான் வந்துச்சு, 1715ல தமிழ் புதிய ஏற்பாடு தரங்கம்பாடி அச்சகத்துல அச்சாகி முடிஞ்சுது. எபிரெயர் 3:12 அவிசுவாசமுள்ள பொல்லாத இருதயத்த பத்தி எச்சரிக்கும்போது "சகோதரரே"ன்னு கூப்பிட்டுதான் ஆரம்பிக்குது, அடுத்த வசனத்துலயே நாள்தோறும் ஒருத்தருக்கொருத்தர் புத்தி சொல்லுங்கன்னு போகுது. பக்கத்து வீட்டுக்காரர் நம்பலங்கறது நம்மள அசைக்காது, ஏன்னா அவர் நம்புவாருன்னு நாம எதிர்பாக்கறதே இல்ல. கூட முழங்கால் போடற பிரதர் வெளிய வந்து செருப்பு மாட்டும்போது "எனக்கென்னவோ இது நடக்கும்னு தோணல"ன்னு மெதுவா சொன்னாருன்னா அது வீடு வரைக்கும் கூட வரும், ராத்திரி தூக்கத்துலயும் வரும்.

அதனால நடைமுறையில என்ன பண்றது. ஜெபக்குறிப்ப யார்கிட்ட சொல்றோம்னு யோசிச்சு சொல்லணும். ஜெப ஆலயத் தலைவன் யவீருவோட 12 வயசு பொண்ணு செத்துட்டான்னு ஆள் வந்து சொல்லி, இனிமே போதகர ஏன் தொந்தரவு பண்றன்னு கேட்ட உடனே இயேசு அந்த அப்பாவ பாத்து "பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு"ங்கறாரு, அவன் காதுல விழுந்த வார்த்தை மனசுக்குள்ள எறங்கறதுக்கு முன்னாடி. வீட்டுக்கு போனதும் சிரிச்சவங்கள வெளிய அனுப்பிட்டு அப்பா, அம்மா, கூட மூணு சீஷர்கள மட்டும் வெச்சுக்கறாரு. அவங்க சிரிப்பு இருந்தா அவரால எழுப்ப முடியாதுன்னு எனக்கு தோணல, சிலுவையில தொங்கும்போது எல்லாரும் சேந்து பரியாசம் பண்ணின மாற்கு 15லயும் அவர் செய்ய வந்த வேலை நிக்கலையே. அந்த அப்பா அம்மா காதுக்காகத்தான் அனுப்பியிருப்பாருன்னு நெனைக்கறேன். வெளிய அனுப்பினாரு, சபிக்கல, துரத்தி அடிக்கல. ஒருத்தர்கிட்ட ஒரு விஷயத்த சொல்லாம இருக்கறதும் அவர வெறுக்கறதும் வேற வேற, வீட்டு ஆளுங்க விஷயத்துல இது ரொம்ப முக்கியம். சொல்லாதீங்க, ஆனா சோறு போட்டு பேசி சிரிச்சு பழகுங்க.

இடிஞ்சு கெடந்த மதில திரும்ப கட்ட வந்த நெகேமியா எருசலேமுக்கு வந்ததும் மூணு நாள் சும்மா இருந்தாரு, அப்புறம் ராத்திரியில சில பேர கூட்டிட்டு போய் அந்த அலங்கத்த, அதாவது மதில, சுத்தி பாத்தாரு, தேவன் மனசுல வெச்சத அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லல. வேலை ஆரம்பிச்ச பொறகு எதிரிங்கள்ல ஒருத்தனான தொபியா ஒரு நரி ஏறினாலே இந்த கல் மதில் இடிஞ்சிடும்னு கிண்டல் பண்ணினான், இன்னொரு எதிரி சன்பல்லாத் கோவப்பட்டான், கூட வேலை செஞ்ச யூதா மனுஷரே சுமக்கறவங்க பெலன் கொறஞ்சு போச்சு, நம்மால கட்ட முடியாதுன்னு சொன்னாங்க. நெகேமியா அந்த கிண்டலுக்கு பதிலுக்கு பதில் பேசல, "எங்கள் தேவனே, நாங்கள் அவமதிக்கப்பட்டதைக் கேளும்"னு மேல பாத்து பேசினாரு, தளர்ந்து போன தன் ஆளுங்ககிட்ட போய் தைரியம் சொன்னாரு, காவல் வெச்சாரு, கட்டிக்கிட்டே இருந்தாரு. 52 நாள்ல அலங்கம் முடிஞ்சுது, அந்த 52 நாளும் தொபியா அதே ஊர் பக்கத்துலதான் இருந்தான்.